அமெரிக்கக் கவுண்டி கோர்ட்டுகளின் பழைய குடியுரிமைப் பதிவேடுகளுக்குப் பெயர்ச் சுட்டி தயாரிப்பது எப்படி?

கேள்வி இது: அமெரிக்காவில் ஓர் ஊரின் வரலாற்றுச் சங்கம், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) கோர்ட்டில் இருந்த 1850 முதல் 1930 வரையிலான குடியுரிமைப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறது. வம்சாவளி தேடுகிறவர்கள் பெயரைத் தட்டினால் பக்கம் கிடைக்கும்படி ஒரு சுட்டி வேண்டும். தன்னார்வலர்கள் எந்தெந்த விவரத்தைப் பதியவேண்டும்? எங்கே தவறு நடக்கும்?

முதலில் புத்தகத்தின் ஆண்டைப் பாருங்கள். 1906 செப்டம்பர் 27 இந்த வேலையை இரண்டாகப் பிரிக்கும் தேதி. அதற்கு முன்பு, எழுத்துப்பூர்வமான பதிவு வைத்திருக்கும் எந்த கோர்ட்டும் குடியுரிமை வழங்கலாம். நகர கோர்ட், கவுண்டி கோர்ட், மாநில கோர்ட், ஃபெடரல் கோர்ட் என்று நாடு முழுவதும் 5,000-க்கும் மேற்பட்ட கோர்ட்டுகள் இதைச் செய்தன. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குப் படிவம் அச்சடித்துக்கொண்டது. சில இடங்களில் தனிப் படிவமே இல்லை. அன்றாட வழக்குக் குறிப்பேட்டில், கடன் வழக்குக்கும் நில வழக்குக்கும் நடுவில் இரண்டு வரியில் ஒருவருடைய குடியுரிமை முடிந்துபோயிருக்கும். அந்தத் தேதியில் 1906 சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு நாடு முழுவதற்கும் ஒரே படிவம், ஒவ்வொன்றின் நகலும் வாஷிங்டனுக்கு.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே ஸ்ப்ரெட்ஷீட்டில் திணிக்கவேண்டாம். 1906-க்கு முந்தியதற்கு ஒன்று, பிந்தியதற்கு ஒன்று என இரண்டு வார்ப்புகள் (மாதிரிப் படிவங்கள்) போடுங்கள். 1890-ஆம் ஆண்டுப் பக்கத்துக்கு எதிரே பிறந்த ஊர், கப்பல், மனைவி பெயர் என்று இருபது காலிக் கட்டங்கள் கிடந்தால், பதிகிறவர் எதையாவது நிரப்பப் பார்ப்பார். ஊகங்கள் தரவுக்குள் நுழைவது அப்படித்தான்.

இரண்டு வார்ப்புக்கும் பொதுவாக, முதலில் வரவேண்டியது முகவரிக் கட்டங்கள்: கோர்ட்டின் முழுப் பெயர், பதிவேட்டு வரிசை, தொகுதி எண், பக்க எண், படக் கோப்பின் எண், ஆவண வகை. பெயரை விட இது முக்கியம் என்றே சொல்வேன். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் தேடுகிறவர் வேறு வழியில் கண்டுபிடித்துவிடுவார். தொகுதி எண் தவறினால் அந்த வரி யாருக்கும் பயன்படாது. பக்க எண்ணும் பட எண்ணும் ஒன்றல்ல; அட்டை, வெற்றுத்தாள், இரண்டு முறை எடுத்த படம் எல்லாம் சேர்ந்து இரண்டும் விலகிக்கொண்டே போகும். இரண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள்.

ஆவண வகையில் குழப்பம் வராமலிருக்க நடைமுறையைத் தெரிந்துகொள்ளவேண்டும். 1795 சட்டம் முதல் வழக்கமான பாதை இரண்டு படி. முதலில் டிக்ளரேஷன்: நான் குடிமகனாக விரும்புகிறேன் என்ற அறிவிப்பு. பிறகு பெட்டிஷன்: நாட்டில் ஐந்தாண்டு வசித்துவிட்டேன், குடியுரிமை கொடுங்கள் என்ற மனு. இரண்டுக்கும் நடுவே குறைந்தது மூன்றாண்டு இடைவெளி கேட்டார்கள். 1824-இல் அது இரண்டாண்டானது. இரண்டும் ஒரே கோர்ட்டில் நடக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. நியூயார்க்கில் இறங்கியதும் டிக்ளரேஷன் கொடுத்தவர், ஆறு ஆண்டு கழித்து இல்லினாயில் பெட்டிஷன் போட்டிருப்பார்.

டிக்ளரேஷன் கிடைக்காவிட்டால் பக்கம் தொலைந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சிறுவயதில் வந்தவர்களுக்கு 1824 சட்டம் முன்கூட்டிய டிக்ளரேஷனிலிருந்து விலக்குக் கொடுத்தது; 1906 வரை அது நீடித்தது. பல கோர்ட்டுகளில் மைனர்களுக்கென்று தனிப் புத்தகமே இருக்கும். ராணுவத்திலிருந்து நல்லமுறையில் விடுவிக்கப்பட்டவர்களுக்கு 1862 முதல் டிக்ளரேஷன் வேண்டாம், ஓராண்டு வசிப்பே போதும். 1918 மே மாதச் சட்டத்தில் பாசறைகளிலேயே சிப்பாய்களுக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். ‘மைனர்’, ‘ராணுவம்’ என்று ஒரு குறிப்புக் கட்டம் வைத்தால் பின்னால் வருகிறவருக்கு விஷயம் தானாகப் புரியும்.

1906-க்கு முந்திய பக்கத்தில் பெரும்பாலும் இருப்பவை நான்கே: பெயர், கைவிடும் அரசர் யார் என்ற வாக்கியம், தேதி, கையெழுத்து. அதிகமான சுட்டிகள் கெடுவது இந்த அரசர் வாக்கியத்தில்தான். ‘ரஷ்யச் சக்கரவர்த்திக்கு இதுவரை இருந்த விசுவாசத்தைத் துறக்கிறேன்’ என்று இருக்கும். பதிகிறவர் பிறந்த நாடு என்ற கட்டத்தில் ரஷ்யா என்று போட்டுவிடுவார். அந்த மனிதர் வார்சாவில் பிறந்த போலிஷ்காரராகவோ, வில்னாவிலிருந்து வந்த யூதராகவோ, பின்லாந்துக்காரராகவோ இருக்கலாம். அன்றைக்கு மூவருமே ரஷ்யச் சக்கரவர்த்தியின் குடிகள். விக்டோரியா மகாராணியைத் துறந்தவர்களில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். இங்கிலாந்து என்று பதிந்தால் அவர்கள் சந்ததியினர் அந்தப் பக்கத்தைத் தேடவே மாட்டார்கள். எனவே ‘துறந்த அரசு’ என்று தனிக் கட்டம் வைத்து, எழுதியிருப்பதை அப்படியே போடுங்கள். பிறந்த இடம் என்ற கட்டம் ஆவணத்தில் அந்தச் சொல் இருந்தால் மட்டும் நிரம்பட்டும்.

இதே வாக்கியம் தேதி சரிபார்க்கவும் உதவும். ஜெர்மன் பேரரசு உருவானது 1871-இல். அதற்கு முன் பிரஷ்யா மன்னர், பவேரியா மன்னர், பாடன் பெருங்கோமகன் என்றுதான் வரும். விக்டோரியா இறந்தது 1901 ஜனவரியில். அதற்குப் பின் சில காலம் கிளார்க்குகள் பழைய அச்சுப் படிவத்தில் விக்டோரியாவை அடித்துவிட்டு எட்வர்ட் என்று எழுதியிருப்பார்கள். ‘1864, ஜெர்மன் சக்கரவர்த்தி’ என்று உங்கள் வரி சொன்னால், 1884-ஐத் தவறாகப் படித்திருக்கிறீர்களா என்று படத்தைத் திரும்பப் பாருங்கள்.

ஊர்ப் பெயருக்கும் இதே விதி. ஒரே நகரம் 1910-ஆம் ஆண்டுப் பக்கத்தில் ‘லெம்பர்க், ஆஸ்திரியா’, 1925-ஆம் ஆண்டுப் பக்கத்தில் ‘ல்வூஃப், போலந்து’. இன்று அது உக்ரைனின் லிவிவ். பதியவேண்டியது பக்கத்தில் இருக்கும் வடிவம். இன்றைய பெயர் கொடுக்க ஆசையிருந்தால் பக்கத்தில் இன்னொரு கட்டம்.

மொத்த வேலைக்கும் இதுதான் அடிப்படை: எழுதியிருப்பது ஒரு கட்டத்தில், நாம் புரிந்துகொண்டது வேறொரு கட்டத்தில். இரண்டும் கலந்த சுட்டியைப் பின்னால் பிரித்தெடுக்கவே முடியாது. கலக்காமல் வைத்திருந்தால், உங்கள் புரிதல் தவறென்று பத்தாண்டு கழித்து ஒருவர் கண்டுபிடித்தாலும் மூலம் பத்திரமாக இருக்கும்.

பெயரில் இது இன்னும் கூர்மையாகும். ஒரே தாளில் ஒருவருக்கு மூன்று பெயர் இருப்பது சாதாரணம்: மேலே கிளார்க் காதில் கேட்டபடி எழுதிய பெயர், கீழே அவரே போட்ட கையெழுத்து, கப்பலில் வந்தபோது கொடுத்த பெயர். மேலே ‘ஜான்’, கையெழுத்தில் ‘ஜியோவானி’. ஹங்கேரிக்காரர் குடும்பப் பெயரை முன்னால் போட்டுக் கையெழுத்திடுவார். மேலே ‘ஜான் நாட்ய்’, கீழே ‘நாட்ய் யானோஷ்’. மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் பதியுங்கள், மூன்றையும் தேடக்கூடியதாக வையுங்கள். குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டலுக்குக் கையெழுத்துதான் பெரும்பாலும் நம்பகமானது, ஏனென்றால் அதை எழுதியவர் அவரே. கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறியும் ‘அவருடைய அடையாளம்’ என்ற சொற்களும் இருந்தால், கட்டத்தைக் காலியாக விடாமல் ‘அடையாளக் குறி’ என்று போடுங்கள்.

கப்பலில் வந்திறங்கியவர்களைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க் துறைமுகத்தின் எலிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் சொல்வார்கள். அங்கிருந்த அதிகாரிகள் கப்பல் கம்பெனி ஐரோப்பாவில் எழுதிக்கொண்டுவந்த பட்டியலை வைத்துத்தான் ஆட்களைச் சரிபார்த்தார்கள். சட்டப்படி பெயர் மாறிய இடம் பல சமயம் நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பெட்டிஷன்தான். 1906 சட்டம் குடியுரிமை ஆணையிலேயே பெயர் மாற்றவும் கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுத்தது. பழைய பெயருக்கு ஒரு வரி, புதிய பெயருக்கு ஒரு வரி, இரண்டிலும் ஒரே பக்க எண்.

ஒலியை வைத்துத் தேடும் சவுண்டெக்ஸ் முறை இந்த ஆவணங்களோடு நெருக்கமாகப் பிணைந்தது. 1930-களில் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் நியூயார்க் நகரத்துக்கும் 1906-க்கு முந்திய ஆவணங்களைப் படியெடுத்து அட்டைகள் எழுதி, சவுண்டெக்ஸ் வரிசையில் அடுக்கினார்கள். முதல் எழுத்து அப்படியே நிற்கும். அடுத்து வரும் மெய்யெழுத்துகளுக்கு 1 முதல் 6 வரை எண். உயிரெழுத்துகள் கணக்கில் இல்லை. ஸ்மித், ஷ்மிட் இரண்டுக்கும் எஸ்-530 வருவதால் ஒன்றாகவே கிடைக்கும். ஆனால் கிழக்கு ஐரோப்பியப் பெயர்களில் இது சறுக்கும். கோவால்ஸ்கி என்ற பெயரை டபிள்யூ போட்டு எழுதினால் கே-420, அதையே வி போட்டு எழுதினால் கே-142. டபிள்யூவுக்கு மதிப்பில்லை, விக்கு 1 என்பதால் வந்த விலகல் இது. ஒரே குடும்பம் இரண்டு இழுப்பறைகளுக்குப் போய்விடும். 1985-இல் வந்த டேய்ச்–மோகோடாஃப் முறையில் இரண்டுக்கும் ஒரே எண்தான்: 578450. உங்கள் பதிவேட்டில் போலிஷ், யூத, ரஷ்யப் பெயர்கள் அதிகமானால் இரண்டு குறியீட்டையும் கணினியையே போடவைத்து, மறைவான கட்டங்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஓ’பிரையன் போன்ற முன்னொட்டுப் பெயர்களுக்கு, முன்னொட்டோடு ஒரு குறியீடும் இல்லாமல் ஒரு குறியீடும் தேவை. முதல் எழுத்தே மாறிவிடுவதால் ஒன்றிருந்தால் மற்றது கிடைக்காது.

1906-க்குப் பிந்திய பெட்டிஷனில் விவரங்கள் கொட்டிக் கிடக்கும்: பிறந்த தேதி, ஊர், கப்பல், ஏறிய துறைமுகம், இறங்கிய துறைமுகம், மனைவி பெயர், பிள்ளைகளின் பெயர்களும் பிறந்த தேதிகளும், இரண்டு சாட்சிகள். டிக்ளரேஷனில் உயரம், எடை, கண் நிறம், தழும்பு வரை இருக்கும். 1929 ஜூலை முதல் புகைப்படமும் உண்டு. உடல் அடையாளங்களைச் சுட்டியில் ஏற்றவேண்டாம், அவற்றை வைத்து யாரும் தேடப்போவதில்லை. ‘புகைப்படம் உண்டு’ என்று மட்டும் குறித்துவையுங்கள். கொள்ளுத்தாத்தாவின் முகத்தைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் சிலருக்கு இதுதான்.

எண்கள்தான் இங்கே பெரிய பொறி. ஒரே தாளில் நான்கு எண்கள் நிற்கும்: பெட்டிஷன் எண், டிக்ளரேஷன் எண், கப்பலில் வந்ததற்கான வருகைச் சான்று எண், குடியுரிமைச் சான்றிதழ் எண். ‘எண்’ என்று ஒரே கட்டம் வைத்தால் ஒருவர் ஒன்றைப் போடுவார், அடுத்தவர் இன்னொன்றைப் போடுவார். நான்குக்கும் நான்கு கட்டம். சான்றிதழ் எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள்: வாஷிங்டனுக்குப் போன நகல்களின் கோப்பு, 1906 செப்டம்பர் முதல் 1956 மார்ச் வரையிலானது, அந்த எண்ணில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை, குடியேற்றத் துறை 2008-இல் தொடங்கிய வம்சாவளிச் சேவையில் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கலாம்.

பெட்டிஷனோடு ஒட்டியிருக்கும் டிக்ளரேஷன் வேறு கோர்ட் கொடுத்ததாக இருக்கலாம். அதன் தலைப்பில் நியூயார்க் என்று இருந்தால், அந்த எண் நியூயார்க் கோர்ட்டின் எண். உங்கள் கவுண்டியின் டிக்ளரேஷன் புத்தகத்தில் அதைத் தேடினால் வேறு யாரோ வருவார். ‘டிக்ளரேஷன் கொடுத்த கோர்ட்’ என்ற கட்டத்தை மறக்கக் கூடாது.

தாளின் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். சாட்சிகளின் வாக்குமூலம், உறுதிமொழி, கோர்ட் ஆணை, பெயர் மாற்றம் எல்லாம் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான். பழைய மைக்ரோஃபிலிம் சிலவற்றில் முன்பக்கம் மட்டும் எடுத்து விட்டிருப்பார்கள். பெட்டிஷன் போட்டவர் எல்லாரும் குடிமகன் ஆகவில்லை. தள்ளுபடியும் உண்டு, ஆளே வராமல் முடித்துவைத்ததும் உண்டு. முன்பக்கத்தை மட்டும் பார்த்துச் சுட்டி போட்டால், தள்ளுபடியானவரையும் குடிமகன் என்று அறிவித்ததாகிவிடும். முடிவுக்கு ஒரு கட்டம். மனுப் போட்ட தேதி, ஆணை வந்த தேதி இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம். 1906 சட்டப்படி மனுவுக்கும் விசாரணைக்கும் நடுவே குறைந்தது 90 நாள் இருக்கவேண்டும். பொதுத் தேர்தலுக்கு முந்திய 30 நாளில் யாருக்கும் குடியுரிமை கிடையாது. வாக்குக்காகத் தேர்தலுக்கு முன் கும்பல் கும்பலாக ஆட்களைக் கூட்டிவந்து குடிமகனாக்கிய காலத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க வந்த விதி அது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 1855 முதல் 1922 செப்டம்பர் 22 வரை, கணவன் குடிமகனானால் மனைவியும் குடிமகள். அவளுக்கென்று தாள் கிடையாது. 1906-க்கு முந்திய பக்கங்களில் பெரும்பாலும் அவள் பெயர்கூட இருக்காது. அதனால் பிந்திய பெட்டிஷன்களில் வரும் மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனி வரி போடுங்கள், ‘மனைவி’, ‘மகன்’ என்ற உறவுக் கட்டத்தோடு. தகப்பனோடு சேர்ந்து குடியுரிமை பெற்ற பிள்ளைக்கும் பல சமயம் இந்தத் தாள் ஒன்றுதான் ஆதாரம். இன்னொரு பக்கம், 1907 சட்டப்படி வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தாள். அமெரிக்காவிலேயே பிறந்த பெண் 1920-களில் பெட்டிஷன் போட்டிருப்பதைப் பார்த்துப் பிறந்த இடம் தவறு என்று திருத்திவிடாதீர்கள். 1922-க்குப் பின் குடிமகனின் மனைவிக்கு டிக்ளரேஷன் தேவைப்படவில்லை. அந்தக் கட்டம் காலியாக இருப்பது சரிதான்.

சாட்சிகளையும் சுட்டியில் ஏற்றுங்கள். சாட்சியாக வந்தவர் பெரும்பாலும் மைத்துனர், அதே ஊர்க்காரர், பக்கத்து வீட்டுக்காரர். ஓர் ஊரிலிருந்து வந்தவர்கள் எப்படிக் கூட்டமாகக் குடியேறினார்கள் என்பதை இந்த ஒரு கட்டம் காட்டிக்கொடுக்கும். வேலை கூடுகிறது என்று முதலில் வெட்டுவது இதைத்தான், நான் வெட்டமாட்டேன்.

இந்தியர்களின் பெயர் வந்தால் கூடுதல் கவனம் தேவை. 1923-இல் பகத் சிங் திந்த் என்ற சீக்கியரின் வழக்கில், இந்தியர்கள் சட்டம் சொல்லும் ‘வெள்ளையர்’ ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன் குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலருடையதை அரசு ரத்துசெய்யப் புறப்பட்டது. 1946-இல் லூஸ்–செல்லர் சட்டம் வந்துதான் வழி திறந்தது. எனவே ஆணைக்கு மேலே குறுக்கே ‘ரத்து’ என்று பின்னாளில் எழுதிய குறிப்பு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் தேதியோடு பதியுங்கள். அக்கால ஆவணங்களில் ‘ஹிந்து’ என்று வருவது மதத்தைச் சொல்வதல்ல. சீக்கியரையும் முஸ்லிமையும் அப்படித்தான் எழுதினார்கள். மதம் என்று கட்டம் திறந்து அதில் போட்டுவிடக் கூடாது.

கையெழுத்தைப் படிப்பதற்குக் குறுக்குவழி இல்லை, ஆனால் பொறிகள் தெரிந்தவை. பழைய பக்கங்களில் இரட்டை எஸ்ஸின் முதல் எஸ் நீண்டு எஃப் போலத் தெரியும். ராஸ் என்பவர் ராஃப்ஸ் ஆகிவிடுவார். ஜே-என்-ஓ என்ற சுருக்கம் குறிப்பது ஜானை, ஜோனத்தனை அல்ல. பெரிய எழுத்தில் ஐயும் ஜேயும், எல்லும் எஸ்ஸும், டியும் எஃப்பும் மாறிமாறி ஏமாற்றும். சந்தேகம் வந்தால் அதே கிளார்க் அதே பக்கத்தில் எழுதிய மாதப் பெயரையும் ஊர்ப் பெயரையும் எடுத்து அந்த எழுத்தோடு ஒப்பிடுங்கள். படிக்க முடியாத ஓர் எழுத்துக்குக் கேள்விக்குறி, பல எழுத்துக்கு நட்சத்திரக் குறி என்ற ஃபேமிலிசர்ச் வம்சாவளித் தளத்தின் வழக்கம் நல்லது. ‘காலி’ என்பதும் ‘படிக்க முடியவில்லை’ என்பதும் வேறுவேறு. இரண்டுக்கும் ஒரே வெற்றுக் கட்டம் விடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் இருவர் தனித்தனியே பதியவேண்டும்; கையெழுத்தைப் படிக்கும் மென்பொருளை அந்த இருவரில் ஒருவராக வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கும் மாற்றாக வைக்கக் கூடாது. அது தப்பாகப் படித்ததையும் சரியானதைப் போலவே சுத்தமாக எழுதிக்கொடுத்துவிடும்.

எக்செல் செய்யும் சேதத்தைப் பலர் கடைசியில்தான் கவனிப்பார்கள். 1900-க்கு முந்திய தேதியை எக்செல் தேதியாகவே ஏற்காது. 1887 வெறும் எழுத்தாக நிற்கும், 1903 தேதியாக மாறும். வரிசைப்படுத்தினால் இரண்டும் இரண்டு கூட்டமாகப் பிரிந்துபோகும். இந்திய அமைப்பில் இருக்கும் கணினியில் 3/4/1907 என்று தட்டினால் ஏப்ரல் 3. ஆவணத்தில் அது மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று கட்டமாக உடைத்து, மாதத்தை எழுத்தில் போடுங்கள். ஷீட் முழுவதையும் முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் எண்களின் முன்னாலுள்ள பூஜ்யம் விழுந்துவிடும். தானாக நிரப்பும் வசதியை அணைத்துவிடுங்கள்: முன்னால் ஷ்னைடர் ஒருவர் வந்திருந்தால், அடுத்து ஷ்னெல் என்று தட்டத் தொடங்கும்போதே அது ஷ்னைடரை நிரப்பும், கை தானாக என்டரைத் தட்டிவிடும்.

ஒவ்வொரு பக்கத்தையும் இருவர், ஒருவர் பதிந்ததை மற்றவர் பார்க்காமல், தனித்தனியே பதியட்டும். கணினி ஒப்பிட்டு வேறுபடும் கட்டங்களை மட்டும் மூன்றாமவருக்குக் காட்டட்டும். அவர் படத்தைப் பார்த்து முடிவுசெய்வார். ஒருவர் பதிந்து மற்றவர் ‘சரிபார்ப்பது’ இதற்கு ஈடாகாது. தட்டச்சான பெயரைப் பார்த்த கண், கையெழுத்திலும் அதையே படிக்கும். பிறகு தேதிகளைக் கணக்கால் சோதியுங்கள்: 1906-க்குப் பின் கொடுத்த டிக்ளரேஷன் ஏழாண்டுதான் செல்லும், ஆக அதற்கும் பெட்டிஷனுக்கும் இடைவெளி இரண்டுக்குக் குறைந்தாலோ ஏழைத் தாண்டினாலோ படத்தைத் திரும்பத் திறக்கவேண்டும். கிளார்க்கே தவறாக எழுதியிருந்தால் தொடவேண்டாம், குறிப்புக் கட்டத்தில் சொல்லுங்கள்.

தொகுதியின் முன்னால் கிளார்க் எழுதிய பழைய பெயர்ப் பட்டியல் இருக்கும், முதல் எழுத்து வாரியாக மட்டும் பிரித்தது. அதைப் பார்த்துப் பதிந்து வேலையைச் சுருக்க நினைக்கவேண்டாம். அது ஏற்கெனவே ஒருமுறை படியெடுத்தது, தவறுகளோடு. ஆனால் வேலை முடிந்ததும் அதிலுள்ள பெயர்களை உங்கள் வரிகளோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இருந்து உங்களிடம் இல்லாத பெயர்தான் படமெடுக்கும்போது ஒட்டிக்கொண்டு விடுபட்ட தாள். பெட்டிஷன் எண் வரிசையில் விழுந்த இடைவெளியும் அதையே சொல்லும். அந்த எண்களைக் குறித்து, புத்தகத்தைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அந்தப் பக்கங்களை மட்டும் மறுபடி படமெடுக்கச் சொல்லுங்கள்.